ஆறு மில்லிமீட்டர்

இரவு ஒன்று பத்துக்கு
பதினேழாம் குழியில் விளக்கு எரிந்தது.
பிறகுதான் கூவல்.
ஆனி மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்ததில்
காதுக்கு முன் கண்தான் எழுந்தது.

பாட்டிலைத் திருப்பினால் சீட்டு:
ஞானபாய், நாற்பத்து மூன்று, கருங்கல்.
காய்ச்சல், நடுக்கம், பிரஷர் எண்பதுக்கு ஐம்பது.
யாரும் நிரப்பாத 'வேலை' என்ற கட்டத்தில்
ஏதோ ஒரு ஹவுஸ் சர்ஜன் பொறுமையாக எழுதியிருந்தார்:
அண்டியாபீஸ்.

அண்டியாபீஸ் எனக்குத் தெரியும்.
கிலோவுக்குத்தான் கூலி.
எழுந்து போய்வந்தால் கால் கிலோ போச்சு.
தண்ணீர்கூடக் குடிக்காமல் அடக்கிக்கொண்டு
தோடு உடைப்பார்கள்.
அவள் அடக்கிய நேரமெல்லாம்
அவற்றுக்குக் கிடைத்த நேரம்.
இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும்.
அவளைக் கொண்டுவந்த ஆட்டோ
கருங்கலில் புறப்பட்டுத் திங்கள்சந்தை தாண்டுவதற்குள்
ஒரு தலைமுறை.

சாயமேற்றிப் பார்த்தேன்.
இளஞ்சிவப்புக் குச்சிகள், சிந்திய சேமியா மாதிரி.
எந்த மருந்துக்குச் சாவோம் என்று
குச்சிகள் சொல்லாது.

போன வருஷம்வரை
இன்று விதைத்து, நாளை முளை பார்த்து,
முளையைக் கிள்ளி மறுபடி விதைத்து,
மூன்றாம் நாள் கையெழுத்து.
நான் கையெழுத்திட்ட சில தாள்கள்
வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது
கட்டிலில் வேறு பெயர் இருந்தது.
மூன்றாம் நாள் எழுந்ததைப் பற்றி
இந்த ஊரில் ஞாயிறுதோறும் சொல்கிறார்கள்.
கட்டில்களில் நான் பார்த்ததில்லை.

இப்போது
பாட்டிலிலிருந்தே நேராக நாலைந்து சொட்டு,
தட்டெங்கும் தேய்த்து,
பொட்டுப்போல ஆறு வில்லை, ஆறு மருந்து.
முப்பத்தைந்து டிகிரி. கதவைச் சாத்து.
நாலு மணி நேரம்.

நடுவில் கரண்ட் போய் வந்தது.
வாட்ச்மேன் ஸ்டாலின்ராஜ் கட்டஞ்சாயா கொண்டுவந்து
"என்ன, அடை வச்சிருக்கியளா?" என்றார்.
ஆமா, கோழியைவிட வேகம் என்றேன்.

ஐந்தே முக்காலுக்குத் திறந்தேன்.
கண்ணாடியில் விட்ட மூச்சு மாதிரி ஒரு படலம்.
ஓரங்கள் கலங்கல்.
தெளியாததை அளக்கக்கூடாது என்பது விதி.
ஸ்கேலைக் கீழே வைத்தேன்.
கதவைச் சாத்து. இன்னும் இரண்டு மணி நேரம்.
ஆறு தலைமுறை.

ஏழே முக்கால்.
அவளுக்கு நேற்றிலிருந்து
சொட்டுச் சொட்டாய் ஏறிக்கொண்டிருக்கும் மருந்தைச் சுற்றி
வட்டமே இல்லை.
வில்லையின் விளிம்புவரை முட்டிக்கொண்டு நிற்கிறது பயிர்.
ஆறு மில்லிமீட்டர் என்று எழுதவேண்டும்.
ஆறு, வில்லையின் அகலம்.
சைபருக்கு எங்கள் பாஷையில் ஆறு என்று பெயர்.

நாலாவது வில்லையைச் சுற்றி மட்டும்
இருபத்திரண்டு.
நிலா இறங்கி உட்கார்ந்துபோன தடம் மாதிரி
அவ்வளவு சுத்தமான வெறுமை.

வார்டுக்கு அடித்தேன். எடுக்கவில்லை.
டூட்டி மாறும் நேரம்.
மறுபடி.
"சிஸ்டர், தாள் பின்னால வரும்,
இப்ப கையில எழுதுங்க."
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
அந்தப் பக்கம்
எழுதாத பேனாவை உதறும் சத்தம்.

அதன்பிறகு எனக்குத் தெரியாது.
நான் மூன்றாம் மாடி.
ஞானபாய் எனக்கு ஒரு சீட்டு, ஒரு நிறம்.

செவ்வாய்க்கிழமை அதே பெயரில்
ஒரு ஜோடிப் பாட்டில் வந்தது.
குழி ஒன்பது, குழி பத்து.
இதற்கு மட்டும் குறுக்குவழி கிடையாது.
ஐந்து நாள் சூட்டில் ஆட்டி ஆட்டி
சும்மா இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

நாலாம் நாள் இரவு கூவல் கேட்டு
நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.
பன்னிரண்டு.
ததேயு, ஐம்பத்தெட்டு, குளச்சல்.
அவரை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன்,
ஒன்பதும் பத்தும்
இருட்டாகவே இருந்தன.